கப்பலில் வந்த வெள்ளி யாருடையது? 17ஆம் நூற்றாண்டு வணிகர்களின் வாக்குமூலங்களைப் புரிந்துகொள்ள

1708 ஜூனில் கொலம்பியாவின் கார்த்தஹேனா துறைமுகத்துக்கு அருகே, ஆங்கிலேயப் போர்க்கப்பல்களோடு நடந்த சண்டையில் சான் ஹோசே என்ற ஸ்பானியக் கப்பல் மூழ்கியது. அதைக் கண்டுபிடித்துவிட்டதாகக் கொலம்பிய அரசு 2015இல் அறிவித்தது. அதில் இருக்கும் தங்கமும் வெள்ளியும் யாருக்கு என்ற சண்டை அன்றிலிருந்து செய்திகளில் அடிபடுகிறது. எங்கள் கடல், எங்கள் சொத்து என்கிறது கொலம்பியா. எங்கள் அரசக் கப்பல் என்கிறது ஸ்பெயின். இடத்தை முதலில் காட்டியது நாங்கள்தான் என்கிறது ஓர் அமெரிக்க நிறுவனம். அந்த வெள்ளியைச் சுரங்கத்திலிருந்து வெட்டி எடுத்தவர்கள் எங்கள் முன்னோர் என்கிறார்கள் பொலிவியாவின் கரா கரா பழங்குடியினர்.

இந்தப் பட்டியலில் ஒரு தரப்பைக் காணோம். கப்பலில் வெள்ளியை ஏற்றிய வணிகர்கள். இதுபோன்ற கப்பல்களில் அரசனின் பங்கு ஒரு பகுதிதான். கணிசமான வெள்ளி தனியாருடையது. கப்பல் பிடிபட்டால் அந்த வணிகர்களும் அவர்களுடைய முகவர்களும் நீதிமன்றத்துக்கு ஓடிவந்து, "இந்த மூட்டை என்னுடையது" என்று சத்தியம் செய்து சொன்னார்கள். அந்த வாக்குமூலங்கள் இன்றும் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அவற்றை எப்படிப் படிப்பது, எவ்வளவு தூரம் நம்புவது என்று பார்ப்போம்.

ஒரு மூட்டை வெள்ளி, ஐந்து உரிமைக்காரர்கள்

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். இன்றைய பொலிவியாவில் உள்ள பொத்தோசி மலையில் 1545இல் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. தோண்டி எடுத்த வெள்ளியில் ஐந்தில் ஒரு பங்கு அரசனுக்கு வரி. மீதி பாளமாகவோ காசாகவோ கைமாறி ஸ்பெயினுக்குக் கப்பலேறும். எட்டு ரியால் காசு என்று உலகமெல்லாம் புழங்கியது இந்த வெள்ளிதான். ஒரு காசு சுமார் 27 கிராம் எடை.

அமெரிக்கக் கண்டத்தில் இருந்த ஸ்பானியக் குடியேற்றங்களோடு நடந்த வணிகத்தைக் கட்டுப்படுத்த 1503இல் செவில் நகரில் வணிக இல்லம் என்ற அரசு அமைப்பு ஏற்பட்டது. அதன் விதிகளில் இரண்டு நமக்கு முக்கியம். அயல்நாட்டார் அமெரிக்க வணிகத்தில் நேரடியாக ஈடுபடக் கூடாது. உரிமம் இல்லாமல் ஸ்பெயினை விட்டு வெள்ளி வெளியே போகக் கூடாது.

ஆனால் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட துணிகளில் பெரும்பங்கு ஸ்பெயினில் நெய்யப்படவில்லை. ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியப் பகுதி), பிரான்ஸ், இங்கிலாந்து, ஜெர்மானிய நகரங்கள் என்று வெளியிலிருந்துதான் வந்தது. அவற்றுக்கு விலையாகக் கொடுக்க ஸ்பெயினிடம் வெள்ளியை விட்டால் வேறு என்ன இருந்தது? சட்டம் தடுத்ததை வணிகம் கேட்டது. வழி பிறந்தது, நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழிதான்: பினாமி.

ஃபிளாண்டர்ஸின் ஆண்ட்வெர்ப் நகர வணிகர் தன் துணியைச் செவில்காரர் ஒருவரின் பெயரில் அமெரிக்காவுக்கு அனுப்புவார். விற்ற வெள்ளி அதே செவில்காரர் பெயரில் பதிவாகித் திரும்பும். அப்புறம் ஸ்பெயினின் காதிஸ் துறைமுக நகரில் இரவோடு இரவாக அது மதிலைத் தாண்டி, படகில் ஏறி, விரிகுடாவில் நிற்கும் அயல்நாட்டுக் கப்பலுக்குப் போய்ச் சேரும். இதைத் தொழிலாகவே செய்த ஆட்கள் அங்கே இருந்தார்கள். காதிஸ்காரர்கள் அவர்களை மெத்தெதோர், அதாவது 'உள்ளே நுழைப்பவர்' என்று அழைத்தார்கள்.

ஆகவே ஒரு மூட்டை வெள்ளிக்குப் பின்னால் இத்தனை பேர் நின்றிருக்க முடியும்:

1. யார் பெயரில் பதிவானதோ அந்த ஸ்பானியர்.
2. யாருடைய முதலோ அந்த அயல்நாட்டு வணிகர். லாபமும் நட்டமும் இவருக்குத்தான்.
3. இருவருக்கும் நடுவே தரகுக்கு வேலை செய்யும் முகவர். கடிதங்களும் கணக்குப் புத்தகமும் இவர் கையில்.
4. கடல் பயணத்தின் பேரில் கடன் கொடுத்தவர். கப்பல் பத்திரமாகச் சேர்ந்தால் வட்டியோடு வசூல், மூழ்கினால் பணம் போச்சு என்பது அந்தக் கடனின் விதி.
5. காப்பீடு எழுதியவர்.

"இது யாருடையது?" என்று கேட்டால் ஐவரில் எவரும் பொய் சொல்லாமலே வெவ்வேறு பதில் சொல்லலாம்.

சரக்குச் சீட்டில் எழுதாமல் விட்டது

துறைமுகத்தில் இன்றும் பில் ஆஃப் லேடிங் என்றே சொல்லப்படும் சரக்குச் சீட்டு அன்றைக்கும் இருந்தது. பாதி அச்சிட்ட, பாதி கையால் நிரப்பும் சிறு தாள். "கடவுள் அருளால், நல்ல நிலையில் ஏற்றப்பட்டது" என்று தொடங்கும். ஏற்றியவர் பெயர், கப்பல், கேப்டன், சேரும் துறைமுகம், பெற்றுக்கொள்பவர் பெயர் ஆகியவை வரும். வழக்கமாக மூன்று பிரதிகளில் கேப்டன் கையெழுத்திடுவார். ஒன்றைக் காட்டிச் சரக்கைப் பெற்றுவிட்டால் மற்ற இரண்டும் செல்லாது.

தாளின் ஓரத்தில் பேனாவால் ஒரு சின்னக் குறி வரைந்திருக்கும். ஒரு நீள்கோடு, அதன் மேல் சிலுவை, கீழே இரண்டு எழுத்துகள் என்பது போல. அது வணிகரின் குறி. அதே குறி பெட்டியின் மேலும் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத சுமைகூலிக்கும் அது புரியும். நம் ஊர் மண்டிகளில் சாக்குமூட்டையின் மேல் மையால் இடும் குறிக்கும் வேலை அதுவேதான்.

சிக்கல் என்னவென்றால், தடையை மீறிப் போகும் வெள்ளிக்கு முழு விவரத்தோடு சீட்டு எழுத முடியாது. சில சமயம் சீட்டே இருக்காது. இருந்தாலும் உண்மை முதலாளியின் பெயர் இருக்காது; பினாமியின் பெயரோ முகவரின் பெயரோதான் இருக்கும். "யாருக்குச் சேர வேண்டுமோ அவர் கணக்கில்" என்று பொதுவாக எழுதி விடுவதும் உண்டு. காதிஸ் சுங்கக்காரரிடம் அகப்படாமல் இருக்க இந்த மௌனம் தேவைப்பட்டது. கப்பலை ஆங்கிலேயர் பிடித்துவிட்டால், அதே மௌனம் லண்டன் நீதிமன்றத்தில் வணிகரின் கழுத்தைப் பிடித்தது. இந்த வாக்குமூலங்கள் முழுவதையும் திறக்கும் சாவி இதுதான் என்பது என் கருத்து. ஓர் ஊரின் சட்டத்திடமிருந்து வெள்ளியைக் காப்பாற்றிய தாள், இன்னோர் ஊரின் நீதிமன்றத்தில் அதன் உரிமையாளருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

போர்க்காலத்தில் உரிமை ஏன் உயிர்நிலை ஆகிறது

போர் நடக்கும்போது எதிரியின் கப்பலையும் சரக்கையும் கடலில் பிடிப்பது சட்டப்படி செல்லும். ஆனால் பிடித்தவர் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கடற்படை நீதிமன்றம் "இது எதிரியின் சொத்துதான்" என்று தீர்ப்பளிக்க வேண்டும். நடுநிலை நாட்டாரின் சரக்கு என்று நிரூபணமானால் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

கப்பல் ஒருவருடையது, சரக்கு இன்னொருவருடையது என்றால்? இதற்கு ஒரே விதி இருக்கவில்லை.

1. பார்சிலோனாவில் 1494இல் அச்சான பழைய கடல் வழக்காற்று நூலின்படி, கப்பலையும் சரக்கையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நண்பனின் கப்பலில் எதிரியின் சரக்கு இருந்தால் சரக்கு மட்டும் பறிபோகும். எதிரியின் கப்பலில் நண்பனின் சரக்கு இருந்தால் சரக்கு தப்பும்.
2. 'கப்பல் சுதந்திரம் என்றால் சரக்கும் சுதந்திரம்' என்ற விதியை டச்சுக்காரர்கள் ஒப்பந்தங்கள் வழியாகப் பரப்பினார்கள். இதன்படி கொடி ஒன்றே போதும்; உள்ளே இருப்பது யாருடையது என்று துருவ வேண்டாம்.
3. பிரான்சின் 1681 ஆணை கடுமையானது. எதிரியின் சரக்கு ஒட்டிக்கொண்டால் நண்பனின் கப்பலும் போய்விடும்.

இங்கிலாந்து பெரும்பாலும் முதல் விதியைப் பிடித்துக்கொண்டது. அதனால்தான் "இந்தப் பெட்டி யாருடையது?" என்ற கேள்வியை ஒவ்வொரு பெட்டிக்கும் கேட்க வேண்டியிருந்தது. நமக்கு இத்தனை வாக்குமூலங்கள் கிடைத்ததற்கும் அந்த விதியே காரணம்.

1652: சாம்சன், சால்வடோர், ஜார்ஜ்

முதல் ஆங்கில–டச்சுப் போர் 1652இல் வெடித்தது. அந்த ஆண்டின் இறுதியில் காதிஸ் பக்கமிருந்து வடக்கே வந்துகொண்டிருந்த சாம்சன், சால்வடோர், ஜார்ஜ் என்ற மூன்று கப்பல்களை ஆங்கிலேயர் பிடித்தார்கள். மூன்றிலும் வெள்ளி. லட்சக்கணக்கான பவுண்டு மதிப்பு. மன்னனைக் கொன்றுவிட்டுக் குடியரசு நடத்திக்கொண்டிருந்த, கடற்படைக்குக் கூலி கொடுக்கவே தள்ளாடிய ஓர் அரசுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்ல வேண்டியதில்லை.

கப்பல்கள் ஹாம்பர்க், லூபெக் நகரங்களைச் சேர்ந்தவை, அதாவது நடுநிலை என்றார்கள் கேப்டன்கள். வெள்ளி எங்கள் மன்னரின் குடிகளுடையது, திருப்பித் தாருங்கள் என்றார் ஸ்பானியத் தூதர் அலோன்சோ டி கார்தெனாஸ். ஆண்ட்வெர்ப் முதலிய ஃபிளாண்டர்ஸ் நகரங்கள் அப்போது ஸ்பானிய மன்னரின் கீழ் இருந்தன; ஆகவே அங்குள்ள வணிகர்களும் அவருடைய குடிகள்தான். ஆங்கில அரசுத் தரப்போ இதெல்லாம் போர்வை, உள்ளே இருப்பது டச்சுக்காரர்களின் வெள்ளி என்றது.

சந்தேகம் ஆதாரமில்லாததும் அல்ல. 1648இல் ஸ்பெயினும் டச்சுக்காரர்களும் சமாதானம் செய்துகொண்ட பிறகு, காதிஸ் வெள்ளியில் கணிசமான பங்கு ஆம்ஸ்டர்டாமுக்குப் போய்க்கொண்டிருந்தது. போர் வந்ததும் டச்சு வணிகர்கள் நடுநிலைக் கொடியின் கீழ் ஒளிந்துகொள்வார்கள் என்று எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால் எதிர்பார்ப்பு ஆதாரம் ஆகாது. ஆண்ட்வெர்ப் வணிகரின் உண்மையான வெள்ளியும், அவர் பெயரில் ஒளிந்த ஆம்ஸ்டர்டாம் வெள்ளியும் ஒரே மாதிரிப் பெட்டியில், ஒரே மாதிரிச் சீட்டோடுதான் வந்தன.

வெள்ளியை விடுவிப்பது பற்றிய பேச்சு நடந்தபோது, 1652 டிசம்பரில் எழுந்து தடுத்தவர் தாமஸ் வயலட் என்ற லண்டன் பொற்கொல்லர். தடையை மீறித் தங்கமும் வெள்ளியும் வெளிநாட்டுக்கு அனுப்பியதற்காக 1630களில் தண்டனை பெற்றவர் இவர். மறைத்து அனுப்பும் கலையின் எல்லா நெளிவுசுளிவும் தெரிந்தவர் என்பதால்தான் அவர் பேச்சுக்கு எடை இருந்தது. வழக்கு நீண்டது. வெள்ளியில் பெரும்பங்கு லண்டன் டவர் கோட்டையில் இருந்த நாணயச்சாலைக்குப் போய், ஆங்கிலக் குடியரசின் காசாக உருமாறியது. உருக்கிய வெள்ளிக்கு உரிமையாளரின் குறி ஏது? தீர்ப்பை எதிர்பார்த்துக் காத்திருந்த வணிகர்களை நினைத்தால் மனம் கனக்கிறது. அவர்களில் உண்மையானவரும் இருந்தார், போலியானவரும் இருந்தார். உலை அந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை.

சாட்சியிடம் என்ன கேட்டார்கள்

ஆங்கிலக் கடற்படை நீதிமன்றம் நம் திரைப்படங்களில் பார்க்கும் நீதிமன்றம் போல இல்லை. கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை கிடையாது. உரிமை கோருபவரின் வழக்கறிஞர் தன் வாதத்தைப் பத்தி பத்தியாக எழுதிக் கொடுப்பார். சாட்சி சத்தியம் செய்த பிறகு, தனி அறையில் ஒவ்வொரு பத்தியாக அவரிடம் கேட்பார்கள். எதிர்த்தரப்பும் தன் கேள்விப் பட்டியலைக் கொடுத்திருக்கும்; அதற்கும் பதில் சொல்ல வேண்டும். அயல்நாட்டார் என்றால் மொழிபெயர்ப்பாளர் நடுவில். எழுத்தர் எல்லாவற்றையும் "இந்தச் சாட்சி சொல்வதாவது" என்று படர்க்கையில் எழுதுவார். நம் பத்திரப்பதிவு அலுவலகத்து 'மேற்படியார்' நடை இருக்கிறதே, அதே வறட்சி. கடைசியில் சாட்சி கையெழுத்திடுவார். தெரியாதவர் ஒரு குறி போடுவார்.

ஒவ்வொரு வாக்குமூலமும் சாட்சியின் பெயர், ஊர், தொழில், வயதோடு தொடங்கும். பிறகு வரும் கேள்விகள் பெரும்பாலும் இந்த வரிசையில் இருக்கும்:

1. உரிமை கோருபவரைத் தெரியுமா? எத்தனை ஆண்டாக? அவர் எங்கே பிறந்தார், எங்கே குடும்பத்தோடு வாழ்கிறார்?
2. வெள்ளியை ஏற்றியது யார்? எந்த இடத்தில்? எத்தனை பை, எத்தனை பாளம், என்ன குறி?
3. யார் கணக்கில், யாருடைய நட்டப் பொறுப்பில் ஏற்றப்பட்டது? வழியில் கப்பல் மூழ்கியிருந்தால் யாருக்கு நட்டம்?
4. இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?
5. கப்பல் பிடிபட்டபோது தாள்களைக் கிழித்தார்களா, கடலில் எறிந்தார்களா?
6. நீ உரிமை கோருபவரின் உறவினனா, வேலைக்காரனா, கூட்டாளியா? இந்த வெள்ளியில் உனக்குப் பங்கு உண்டா?
7. தீர்ப்பு உன் கையில் இருந்தால் யாரை ஜெயிக்க வைப்பாய்?

மூன்றாவது கேள்விதான் இதயம். பெயர் யாருடையது என்று அது கேட்கவில்லை; நட்டம் யாருக்கு என்று கேட்கிறது. பினாமிப் பெயருக்குப் பின்னால் இருக்கும் உண்மை முதலாளியைப் பிடிக்க இதைவிடக் கூர்மையான கேள்வி இன்றைக்கும் இல்லை.

கடைசிக் கேள்விக்குச் சாட்சிகள் சொன்ன பதில் கிட்டத்தட்ட ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும்: நியாயம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஜெயிக்கட்டும். சொல்லிக் கொடுத்த பதில் என்று ஒதுக்கிவிடத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அயலூரில், புரியாத மொழியில், ஒரு கப்பலாள் தன் வேலையும் முதலாளியும் பறிபோகும் நிலையில் நின்று அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறான். வேறு எந்தப் பதில் அவனைக் காப்பாற்றியிருக்கும்?

இந்த வாக்குமூலங்களைப் படிக்கும்போது

பழைய ஆவணம், சத்தியம் செய்து சொன்னது என்பதற்காக அப்படியே நம்பிவிடக் கூடாது. பணத்துக்காகச் சொன்னது என்று தூக்கி எறியவும் கூடாது. சாட்சி யார் என்பதைப் பொறுத்து அவருக்குத் தெரிந்த எல்லை மாறும்.

கப்பலாளுக்குத் தெரிந்தது பெட்டி. எந்த இரவில், எந்தப் படகில் வந்தது, எத்தனை பேர் சுமந்தார்கள், கேப்டன் அறையின் அடியில் எங்கே வைத்தார்கள் என்று அவன் சொல்வதை நம்பலாம். "இது ஆண்ட்வெர்ப்காரருடையது" என்று அவன் சொன்னால், யாரோ சொல்லக் கேட்டதாகத்தான் இருக்கும். முகவர் இதற்கு நேர்மாறு. கணக்கு அவருக்குத் தெரியும், கடிதம் அவர் எழுதியது. ஆனால் தரகும் அவருடையது. வெள்ளி போனால் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. மூன்றாவது வகை, லண்டனிலேயே வாழ்ந்த, ஸ்பானிய வணிகத்தில் பழகிய வணிகர்கள். குறிப்பிட்ட பெட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் "ஸ்பெயினில் இப்படி வேறு பெயரில் ஏற்றுவது வழக்கம்தான்" என்று பொது நடைமுறையைச் சொல்வார்கள். சீட்டில் பெயர் இல்லை என்பதே குற்றம் என்ற வாதத்தை உடைக்க இந்தச் சாட்சி தேவை.

என் அனுபவத்தில் இந்த மூன்றாம் வகைதான் வரலாற்றுக்கு அதிகம் பயன்படுகிறது. ஸ்பானியச் சட்டத்தை மீறியதை ஒப்புக்கொள்ளாமல் ஸ்பானிய வெள்ளிக்கு உரிமை கோர முடியாது என்ற இக்கட்டில், காதிஸில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத நடைமுறை லண்டனில் சத்தியத்தோடு பதிவாகிவிட்டது.

பாளத்தின் மேல் இருக்கும் எண்

வெள்ளிக்கு வாய் இல்லை என்றாலும் பாளத்துக்கு உடம்பெல்லாம் எழுத்து. வரி கட்டியதற்கான அரச முத்திரை, தூய்மையின் அளவு, வரிசை எண், உரிமையாளரின் குறி எல்லாம் உளியால் குத்தியிருக்கும். ஃபுளோரிடா அருகே 1622இல் மூழ்கிய அத்தோச்சா கப்பலைத் தேடியவர்கள் 1973இல் சில வெள்ளிப் பாளங்களை எடுத்தார்கள். அவற்றில் ஒன்றில் 4584 என்ற எண். செவில் நகரில் ஸ்பானிய அமெரிக்கா பற்றிய ஆவணங்களை வைத்திருக்கும் இண்டியாஸ் ஆவணக் காப்பகத்தில் இருந்த அந்தக் கப்பலின் சரக்குப் பதிவேட்டில் அதே எண், ஒத்த எடையோடு இருந்தது. 350 ஆண்டுக்குப் பிறகு தாளும் உலோகமும் ஒத்துப்போயின.

பதிவான வெள்ளிக்குத்தான் இது நடக்கும். வரி கட்டாமல் வந்த பாளத்தில் முத்திரை இருக்காது. காசுகளுக்குத் தனி எண் கிடையாது. பையில் கட்டிய காசுக்கு, பையை அவிழ்த்த நிமிடத்தில் அடையாளம் போய்விடும். அங்கே மனிதரின் வாய்ச்சொல்லை விட்டால் வேறு வழியில்லை.

நம் கடலிலும்

கொச்சி அருகே 1698 ஜனவரியில், பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடிக்க ஆங்கில அரசிடம் அனுமதி பெற்றிருந்த கேப்டன் வில்லியம் கிட் பிடித்த கெடா மெர்ச்சன்ட் கப்பலின் சரக்கில் ஆர்மீனிய வணிகர்களின் முதல் இருந்தது; கப்பலில் இருந்ததோ பிரெஞ்சுக்காரர் கொடுத்த அனுமதிச் சீட்டு. அந்தச் சீட்டு இருந்ததால் எதிரிக் கப்பலைத்தான் பிடித்தேன் என்றார் கிட். 1701இல் லண்டனில் கடற்கொள்ளை வழக்கு விசாரணை நடந்தபோது அந்தச் சீட்டு அவர் கைக்குக் கிடைக்கவில்லை, தூக்கிலிடப்பட்டார். இருபதாம் நூற்றாண்டில் அது லண்டன் ஆவணக் காப்பகத்திலேயே கிடைத்தது.

நாகப்பட்டினம் அருகே 1748இல் ஆங்கிலக் கடற்படை பிடித்த சாந்தா கத்தரினா என்ற கப்பலிலும் ஆர்மீனியர் சரக்கு. வழக்குக்குச் சாட்சியமாக லண்டனுக்குப் போன அவர்களுடைய கடிதங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. ஈரானின் இஸ்பஹான் நகரில் ஆர்மீனியர் குடியிருந்த புதிய ஜுல்பாவிலிருந்து நம் கரை வரை ஓடிய ஒரு வணிக வலையைப் பற்றி நமக்கு நேரடியாகச் சொல்பவை அவை. பறிகொடுத்ததால் பாதுகாக்கப்பட்ட கடிதங்கள்.

இன்றைய நீதிமன்றம் எதைக் கேட்கிறது

மறுபடி இன்றைய செய்திக்கு வருவோம். பெருவின் கயாவோ துறைமுகத்திலிருந்து புறப்பட்டு மொந்தெவிதேயோ வழியாக வந்த மெர்சேதஸ் என்ற ஸ்பானியப் போர்க்கப்பல், 1804 அக்டோபர் 5 அன்று போர்ச்சுகல் கரைக்கு அப்பால் ஆங்கிலேயருடன் மோதி வெடித்து மூழ்கியது. கிட்டத்தட்ட 9 லட்சம் பெசோ (எட்டு ரியால் காசின் இன்னொரு பெயர்) அதில் இருந்தது. பெரும்பகுதி தனியார் வணிகர்களுடையது. ஓர் அமெரிக்க நிறுவனம் 2007இல் சுமார் 5,94,000 காசுகளை மேலே எடுத்தது. ஸ்பெயின் வழக்குப் போட்டது, பெரு உரிமை கோரியது, அன்று சரக்கு ஏற்றிய வணிகர்களின் வழிவந்தவர்கள் 25 பேரும் வந்து நின்றார்கள்.

அமெரிக்க நீதிமன்றம் எடுத்துக்கொண்ட கேள்வி வேறு. இது ஓர் அரசின் போர்க்கப்பலா? ஆம். அப்படியானால் இறையாண்மை விலக்கின்படி இன்னொரு நாட்டு நீதிமன்றம் அதில் கைவைக்க முடியாது. சரக்கையும் கப்பலிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. காசுகள் 2012 பிப்ரவரியில் இரண்டு ராணுவ விமானங்களில் ஸ்பெயினுக்குப் போயின. கப்பலையும் சரக்கையும் தனித்தனியாகப் பார்த்த பழைய விதி இங்கே எடுபடவில்லை. பெட்டி பெட்டியாகக் கேட்கும் பழைய கேள்விக்கே இடம் இருக்கவில்லை. தீர்ப்பு சட்டப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் "வெள்ளி ஸ்பெயினுடையது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது" என்று செய்தியில் வருவது தவறு. வெள்ளி யாருடையது என்று நீதிமன்றம் தீர்மானிக்கவில்லை. அதைத் தீர்மானிக்கும் இடம் தான் அல்ல என்றுதான் சொன்னது. சான் ஹோசே பற்றிய செய்தியைப் படிக்கும்போதும் இந்த வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெர்சேதஸ் காசுகளில் ஒரு பகுதி ஸ்பெயினின் கார்த்தஹேனா நகரிலுள்ள நீரடித் தொல்லியல் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு இருக்கிறது. கப்பல் புறப்பட்டபோது எழுதிய சரக்குப் பதிவேடும் பிழைத்திருக்கிறது: எவ்வளவு பெசோ, யார் ஏற்றியது, யார் கணக்கில் என்று வரிவரியாக.